இடப்புறச் சோதனை

"இதுக்கு முன்னாடி டைவிங் பண்ணியிருக்கீங்களா அங்கிள்?"

"இருபத்தாறு வருசமா."

"கார்டு இருக்கா?"

"கார்டு இல்லம்மா."

மதுவந்தி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெண் கம்ப்யூட்டரில் இரண்டு தட்டு தட்டினாள். "அப்ப புதுசுன்னு போட்டுக்கிறேன்."

கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் வேலை எனக்கு. ஐந்து பாகம், அதாவது முப்பது அடி ஆழம். கையை நீட்டினால் விரல் தெரியாத கலங்கல். தண்ணீரை இழுக்கிற குழாயின் வாயில் சிப்பியும் பாசியும் அடைத்துக்கொள்ளும். அதைச் சுரண்டி விடவேண்டும். நான் ஒரு வாரம் இறங்காவிட்டால் ஊரில் பாதித் தெருவுக்குக் குழாயில் காற்றுதான் வரும். ஆனால் கம்ப்யூட்டரில் நான் புதுசு.

புதுச் சட்டம் வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து ஒரு தனிப் பயிற்சி முடித்து வாங்கிய கார்டு இல்லாதவன் கூலிக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பயிற்சி மையத்தில், குளிரில் பல் கிட்ட நின்றுகொண்டிருந்தேன். சுவர் முழுக்கப் பயிற்சிகளின் பட்டியல் ஒளிர்ந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆழம். நீரோட்டம். மூழ்கிய கப்பல். கலங்கல் நீர். மீட்பு. தண்ணீருக்கடியில் படமெடுத்தல். மீன் இனம் அறிதல். மீனை அடையாளம் காண ஒரு கோர்ஸாம். எங்கள் தெருவில் அது தெரியாதவனுக்குக் கல்யாணத்துக்குப் பெண்ணே கொடுக்க மாட்டார்கள்.

"ஆழம் எடுத்தா வெளிநாட்டுக்குப் போலாம் மாமா," என்றாள் பக்கத்தில் நின்ற ரெஜினா. "ஆனா நம்ம பிளான்ட்ல கலங்கல் நீர் கார்டுதான் கேக்குதாங்க."

ரெஜினா என் மச்சான் இன்னாசியின் மகள். டிகிரி முடித்துவிட்டு இரண்டு வருடம் செல்போன் கடையில் நின்றவள். ஆலையில் குழாயைச் சோதிக்கும் டைவர் வேலைக்கு எழுதிப் போட்டுத் தேர்வாகிவிட்டாள். கார்டு ஒன்றுதான் பாக்கி. அவள் அம்மா பிலோமி என்னிடம் வந்து, "அண்ணே, இவ அப்பன எடுத்த குழாய் வாய் அது. நீங்க கூட இருந்தா விடுதேன். இல்லன்னா இவ கால ஒடிச்சு வீட்ல போடுதேன்," என்று சொல்லியிருந்தாள். இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"கலங்கல் நீர்தான் எங்ககிட்ட பெஸ்ட்," என்றாள் மதுவந்தி. "ஆறு நாட்டுல நாலாயிரம் பேர் போட்டிருக்காங்க."

"போட்டிருக்காங்கன்னா?"

"இப்ப யாரும் மாசக்கணக்கா முங்கி முங்கிப் படிக்கிறதில்ல அங்கிள். நல்லா தெரிஞ்ச ஒரு டைவரோட உடம்பைப் பதிவு எடுத்திருவாங்க. எந்த நரம்பு எப்ப துடிக்குது, கை எப்ப நீளுது, மூச்சு எப்ப அடங்குது, எல்லாம். அதைக் கழுத்துப் பட்டை வழியா உங்க உடம்புக்கு ஏத்திருவோம். மூணு சிட்டிங். அப்புறம் உங்க கைக்குத் தானா தெரியும்."

"யாரு உடம்புலருந்து எடுத்தது?"

"சர்வதேச நிபுணர்கள் அங்கிள். பேர் வெளிய சொல்ல மாட்டாங்க."

இருவரும் கலங்கல் நீருக்கே பெயர் கொடுத்தோம்.

பயிற்சியாளர் ஹரிகிருஷ்ணன் நல்ல உடற்கட்டுள்ள ஆள், முப்பது வயது இருக்கும். மொத்தம் பன்னிரண்டு பேர் நாங்கள். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துக் கழுத்தில் பட்டையை மாட்டினான். "பயப்படாதீங்க, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். பதினோரு கோர்ஸும் என் உடம்புல இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகல பாருங்க," என்றான். மற்றவர்களின் கையும் காலும் தூக்கத்தில் நாய் ஓடுவது போலத் துடித்தன. எனக்கு எறும்பும் ஊரவில்லை, ஒன்றும் ஊரவில்லை. சும்மா படுத்துக்கிடந்தேன். மூன்று நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் அவன் திரையைக் காட்டினான். "உங்க உடம்பு எதையுமே ஏத்துக்கல அண்ணாச்சி. பட்டை போடுறதுக்கு முன்னாடி எப்படியோ, இப்பவும் அப்படியே. மாற்றம் சைபர். பாருங்க, மத்தவங்களுக்கெல்லாம் எண்பது, தொண்ணூறு."

"சைபர்னா?"

"ஒண்ணும் கத்துக்கலைன்னு அர்த்தம். வயசாயிட்டா அப்படித்தான். ஃபெயில்."

டைவிங்குக்கு வருமுன் நான் மூட்டை தூக்கியவன். மூட்டையைத் தூக்கிப் பழகியவனுக்கு ஒரு பழக்கம் உண்டு: சொன்ன இடத்தில் இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பான். ஒதுங்கி நின்றேன். ரெஜினாவின் செய்முறையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முகமூடிக் கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டி, ஒவ்வொருவராகத் தொட்டிக்குள் இறக்கினார்கள். கலங்கலில் இறங்குவது போல. முதலில் இறங்கியவர் கொச்சியிலிருந்து வந்த பீனா. தரை தொட்டதும் அவர் இடது கை நீண்டது. எதையோ தேடியது. அங்கே இல்லாத ஒரு மணிக்கட்டை வெறும் தண்ணீரில் பிடித்தது. இரண்டு முறை அமுக்கியது. ஒரு மூச்சு காத்திருந்தது. அப்புறம்தான் வேலையைத் தொடங்கினார்.

அடுத்தவர் இறங்கினார். இடது கை நீண்டது. இரண்டு அமுக்கு. ஒரு மூச்சு.

அதற்கடுத்தவர். அதேபோல்.

கண்ணாடியை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தேன்.

இன்னாசி இடது கைக்காரன். சிப்பி எடுக்கிற சுரண்டிக் கத்தி அவனுக்கு இடது கையில்தான் நிற்கும். அதனால் நாங்கள் கடலில் இறங்குகிற ஏணிக்கு இடது பக்கம், குழாய் வாயை ஒட்டி, அவன் நிற்பான். வலது பக்கம் நான். அவனுடைய வலது கை சும்மா இருக்கும். ஒன்றும் தெரியாத தண்ணீரில் இறங்கியவுடன் என் இடது கை போய் அந்த மணிக்கட்டைப் பிடித்து இரண்டு முறை அமுக்கும். இருக்கியா மச்சான்? அவன் கையைத் திருப்பி என் கையை ஒரு முறை அமுக்குவான். இருக்கேன்டா. பத்தொன்பது வருடம் இப்படி. இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேறு எந்த டைவரும் இப்படிச் செய்து நான் பார்த்ததும் இல்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு காலையில், ஆள் உள்ளே இருக்கும்போதே மோட்டாரைப் போட்டார்கள். இன்னாசியின் இடது கை தோள்வரை வாய்க்குள் போய்விட்டது. நான் அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். மேலே இருந்தவர்கள் பொறுப்பான ஆளைத் தேடிப் பிடித்து மோட்டாரை நிறுத்த நாற்பது நிமிடம் ஆனது.

அடுத்த மாதம் ஆலையில் டைவர்களுக்கு உடல் பரிசோதனை என்றார்கள். விபத்துக்குப் பிறகாவது எங்கள் மேல் அக்கறை வந்ததே என்று நினைத்தேன். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, கண்ணைக் கறுப்புக் கண்ணாடியால் மூடி, ஒரு தொட்டியில் இறக்கி ஏற்றினார்கள். மூன்று நாளும் அவித்த முட்டை கொடுத்தார்கள். ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தொட்டியிலும் என் கை இன்னாசியைத் தேடியது. அவன் செத்தது கைக்குத் தெரியவில்லை.

அதைத்தான் பதிவு எடுத்திருக்கிறார்கள். அதைத்தான் நாலாயிரம் பேருக்கு ஏற்றியிருக்கிறார்கள். பட்டையில் என் மாற்றம் சைபர் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. என்னையே எனக்கு ஊற்றினால் எங்கே ஏறும்?

கடைசியாக ரெஜினா இறங்கினாள். அவள் கையும் நீண்டது. தன் அப்பனை, தனக்குத் தெரியாமலே, தொட்டித் தண்ணீரில் தேடிப் பிடித்து இரண்டு முறை அமுக்கியது.

நான் எழுந்துபோய் ஹரிகிருஷ்ணனின் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"சார், இந்தக் கை நீட்டுதது என்னது?"

"அதுவா? இடப்புறச் சோதனை," என்றான் பெருமையாக. "நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார்க்கிறது. இரண்டு முறை அமுக்கினா விரல்ல வேகம் தெரியும். இதுக்குன்னே ஒரு ஆய்வுக் கட்டுரை இருக்கு."

"மண்ணாங்கட்டி! அது என் மச்சானோட கை சார்!"

சொன்னேன். முதலிலிருந்து முடிவுவரை சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு என் தோளைத் தட்டினான்.

"உங்க வருத்தம் புரியுது அண்ணாச்சி. ஆனா நீங்க இதே கோர்ஸ்ல சைபர் வாங்கியிருக்கீங்க. உங்களுது எப்படி?"

"சரி, யாருதாவது இருந்துட்டுப் போகட்டும். நம்ம பிளான்ட்ல ஏணிக்கு இடது பக்கம்தான் குழாய் வாய். அங்க இன்னாசி நின்னான், என் கை அவன் மேல பட்டுச்சு. அவன் போனதுக்கப்புறம் நான் ஏணியோட வலது கம்பிய விட்டு நகர மாட்டேன். உங்க தொட்டில ஏணி ஏது? நீங்க கைய மட்டும்தான் எடுத்திருக்கீங்க, கம்பிய எடுக்கல. இதுங்க கைய நீட்டினா நேரா வாய்க்குள்ளதான் போகும்."

"ஆள் இறங்கும்போது மோட்டார நிறுத்தணும்னு விதி இருக்கு."

"விதி அன்னைக்கும் இருந்துச்சு."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "சனிக்கிழமை காலைல உங்க பிளான்ட் பாலத்துல, கடல்ல கடைசித் தேர்வு. நீங்க வரவேண்டியதில்ல. ஃபெயில் ஆனவங்களுக்கு அனுமதி கிடையாது."

மையத்துக்கு எதிரே டீக்கடையில் ரெஜினாவை உட்காரவைத்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"நான் எங்க மாமா கைய நீட்டினேன்? நேரா இறங்கி வேலையப் பாத்தேன்."

"துப்பட்டாவால கண்ணக் கட்டு. எந்திரிச்சு அந்தப் படியில இறங்கு."

சிரித்துக்கொண்டே கட்டினாள். படியில் கால் வைத்ததும் இடது கை போனது. கடைக்காரர் தொங்கவிட்டிருந்த வாழைத்தாரில் ஒரு பழத்தைப் பிடித்து இரண்டு முறை நன்றாக அமுக்கியது.

"ஏ பிள்ள, நசுக்கிட்டியே! பழுத்துருக்கான்னு கேட்டா சொல்ல மாட்டேனா?" என்று கடைக்காரர் கத்தினார்.

கண்கட்டை அவிழ்த்து, பழத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"இது யாரு மாமா?"

"நான்தான். தேடுதது உங்கப்பன."

அந்த நசுங்கிய பழத்தை உரித்து மெதுவாகத் தின்று முடித்தாள். பிறகு, "கார்டு இல்லன்னா இந்த வேலை போயிரும். நான் இறங்குவேன்," என்றாள்.

"கை உன் பேச்சக் கேக்காதுட்டி."

"தெரியுது. அதுக்கு நான் என்ன செய்ய? கைய வெட்டியா வச்சிட்டுப் போக முடியும்?"

சனிக்கிழமை காலை, கடலுக்குள் நீளும் ஆலையின் பாலத்துக்குப் போனேன். காவல்காரருக்கு என் முகம் பழக்கம், உள்ளே விட்டுவிட்டார். பாலத்தின் முனையில் பதினோரு பேரும் உடை மாட்டி நின்றார்கள். ஹரிகிருஷ்ணன் கட்டுப்பாட்டு அறையோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் ஏணிக் கம்பியில் உள்ளங்கையை வைத்தேன். கம்பி அதிர்ந்தது. மோட்டார் ஓடுகிறது.

"நிறுத்தலையா சார்?"

"நீங்க யாரு விட்டு உள்ள வந்தீங்க? வேகத்தக் குறைச்சிருக்காங்க. முழுசா நிறுத்தினா ஊருக்குத் தண்ணி போகாதாம். ஒவ்வொருத்தருக்கும் அஞ்சு நிமிசம்தான், ஒண்ணும் ஆகாது. ரெஜினா, நீங்க முதல்ல."

ரெஜினா என்னைப் பார்த்தாள். முகமூடியை இறக்கினாள். ஏணியில் இறங்கிப் பழுப்புத் தண்ணீருக்குள் மறைந்தாள்.

நான் சட்டையைக் கழற்றினேன். யாரோ என்னைப் பிடிக்க வந்தார்கள். மூச்சை நிறைத்துக்கொண்டு குதித்தேன். சிலிண்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே மூச்சு.

அவளுக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும். இடது கம்பியைப் பிடித்துத் தலைகீழாகப் போனேன். கண்ணைத் திறந்தும் பயனில்லை. கம்பியின் பதின்மூன்றாம் படியில் ஒரு நெளிவு உண்டு. அது கையில் பட்டதும் திரும்பி, வலது காலை ஏணிக்குள் கொக்கி போட்டு, இன்னாசி நின்ற இடத்தில் நின்றேன். இருபத்தாறு வருடத்தில் நான் அந்தப் பக்கம் நின்றதில்லை. இடுப்பை ஏதோ பின்னாலிருந்து உறிஞ்சியது. குறைத்த வேகமாம். இதில்தான் நின்றிருக்கிறான் பத்தொன்பது வருடம், ஒரு நாளும் முணுமுணுக்காமல்.

அவள் மூச்சுக் குமிழி என் முகத்தில் உடைந்தது. பிறகு கை வந்தது. தேடியது. என் வலது மணிக்கட்டைக் கண்டுபிடித்தது. இரண்டு அமுக்கு.

நான் கையைத் திருப்பி ஒரு முறை அமுக்கினேன்.

இனி அவள் விடவேண்டும். விட்டுவிட்டு வேலையைத் தொடங்கவேண்டும். நான் எப்போதும் அப்படித்தான் விடுவேன். ஆனால் அவள் கை விடவில்லை. இறுக்கியது. இன்னும் இறுக்கியது. அப்போதுதான் புரிந்தது: அவர்கள் பதிவு எடுத்த கை, பதில் வந்த கை அல்ல. பதில் வராமல் போன கை. வெறும் தண்ணீரை விட்டுவிடும்; பதில் சொல்கிற கையை விட அதற்குத் தெரியாது.

நெஞ்சு அடித்தது. எத்தனை நேரம் ஆனது என்று தெரியவில்லை. கையை உதறினேன். அவள் பிடி இரும்பு போல இருந்தது. காதுக்குள் மணியடித்தது. சரி, அன்றைக்கு நான் விடாமல் பிடித்திருந்தேன், இன்றைக்கு என்னை விடாமல் பிடித்திருக்கிறது என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்புக்கு நடுவே என் வாயில் காற்றுக் குழாயின் ரப்பர் இடித்தது. அவள் தன் வாயிலிருந்து எடுத்து என் வாயில் திணித்துவிட்டாள். காற்று. இரண்டு இழுப்பு இழுத்தேன். திரும்பக் கொடுத்தேன். அவள் வலது கை கம்பியைப் பிடித்து ஏறியது. இடது கை என்னை இழுத்துக்கொண்டே வந்தது.

அது கோர்ஸில் இல்லாதது. என்னிடமும் இல்லாதது. அது அவளே செய்தது.

பாலத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் பிடி தளரவில்லை. விரல் ஒவ்வொன்றாக வலது கையால் பிரித்தெடுத்தாள். அழுதாள். "நான் அழல மாமா. இது நான் இல்ல. தானா வருது," என்றாள்.

"உங்க மேல கேஸ் போடுவேன்!" என்று ஹரிகிருஷ்ணன் என்னிடம் கத்தினான். "கார்டு இல்லாம இறங்கியிருக்கீங்க. வாழ்நாள் முழுக்க உங்களுக்குத் தடை. அடுத்தது பீனா, இறங்குங்க."

பீனா ஏணியைப் பார்த்தார். ரெஜினாவின் விரல்களைப் பார்த்தார். "அண்ணன் என் இடது பக்கமும் வரட்டும்," என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

"அவருக்குக் கார்டு இல்ல."

"அப்ப மோட்டார நிறுத்துங்க."

பின்னால் இருந்தவர்களும் நகரவில்லை. ஒருவர் முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தார். இன்னொருவர் அதற்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்தார். ஹரிகிருஷ்ணன் போனில் யாருடனோ கெஞ்சினான், சத்தம் போட்டான், மறுபடி கெஞ்சினான். பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கம்பியின் அதிர்வு நின்றது. இன்னாசிக்கு நாற்பது நிமிடம்.

பிலோமிக்குக் கொடுத்த வாக்கு அன்றைக்குத் தப்பித்தது. ரெஜினாவுக்குக் கார்டு வந்துவிட்டது. மோட்டார் நிற்காமல் ஏணியில் கால் வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையில் சேர்ந்தாள்.

இரண்டு வாரம் கழித்து என்னை மையத்துக்கு அழைத்தார்கள். ஹரிகிருஷ்ணன் ரொம்ப மரியாதையாக நாற்காலி போட்டான். மதுவந்தி டீ கொண்டுவந்து வைத்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"தடையெல்லாம் எடுத்தாச்சு அண்ணாச்சி. கலங்கல் நீர் கார்டு, உங்க பேர்ல, இதோ. இந்தத் தாள்ல மட்டும் ஒரு கையெழுத்து."

"வாசிச்சுட்டுப் போடுதேன்."

"நேரமாகுமே."

"ஆகட்டும்."

நாற்பத்தைந்து வயதில், கோயில் மாலைப் பள்ளியில் கற்ற எழுத்து. விரலை வைத்து வாசித்தேன். 'இடப்புறச் சோதனை என்பது நிறுவனத்தின் ஆய்வில் உருவான முறை. இடப்புறச் சோதனையில் எனக்கோ வேறு எவருக்குமோ பங்கு இல்லை. இடப்புறச் சோதனை பற்றி இனி நான் எங்கும் பேசமாட்டேன்.' இப்படியே போனது. ஏழு இடத்தில் அந்தச் சொல் இருந்தது.

பேனாவை வாங்கினேன். ஏழு இடத்திலும் அடித்தேன். ஏழு இடத்திலும் மேலே 'இன்னாசி' என்று எழுதினேன். என் எழுத்து பெரிது, தாள் நிறைந்துவிட்டது.

ஹரிகிருஷ்ணன் வாங்கிப் பார்த்தான். "இது செல்லாது அண்ணாச்சி."

"முட்டை குடுத்து வாங்குன கைநாட்டு மட்டும் செல்லுமா?"

"அது உங்களுதுன்னு என்ன ஆதாரம் இருக்கு? சொல்லுங்க. ஒரே ஒரு ஆதாரம்."

நான் எழுந்து அவனை வாசற்படிக்குக் கூட்டிப்போய், அவன் இடது பக்கம் நின்றேன்.

"கண்ண மூடி ஒரு படி இறங்குங்க சார்."

மதுவந்தியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடினான். அறையின் வாசற்படியில் காலை இறக்கினான்.

அவன் இடது கை எழுந்தது. காற்றில் தேடியது. ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு முறை அமுக்கியது. காத்திருந்தது.

மதுவந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். என் வலது கை ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை.